முகம் நேரான பிறகு

காரவள்ளி
12.8.2004

அன்பு மகள் தாரணிக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க அறப்பளீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். மரவள்ளிக்கு மழை போதவில்லை, வெள்ளைப் பசு சினையாக இருக்கிறது. இப்படியே எழுதிக்கொண்டு போனால் சொல்ல வந்ததைச் சொல்லாமலே உறையை ஒட்டிவிடுவேன். தனியாக உட்கார்ந்து படி கண்ணு.

தை மாதம் மாப்பிள்ளை லாரியோடு இங்கே வந்தபோது வாய் ஒரு பக்கம் கோணி, இடது கண் மூடாமல் போனது உனக்குத் தெரியும். மலை வைத்தியத்தில் சரியாகிவிட்டது என்று போனில் சொன்னேன். அதற்கு முன்னால் நாமக்கல்லில் ஒரு டாக்டரிடம் காட்டியதைச் சொல்லவில்லை. அவர் எச்.ஐ.வி.க்கு ரத்தம் பார்க்கச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம், லாரி ஓட்டினால் கெட்டவனா என்று சத்தம் போட்டு மாப்பிள்ளையை வெளியே இழுத்து வந்துவிட்டேன். நேரே மலைமேல் திருப்புலி நாட்டுக்குக் கூட்டிப்போய், வைத்தியர் செங்கோடனிடம் புறா ரத்தம் தடவிப் பச்சிலை கட்டினோம். இருபது நாளில் முகம் நேராகிவிட்டது, டாக்டருக்கு என்ன தெரியும் என்று சந்தை வரைக்கும் பேசித் திரிந்தேன். உன் அம்மா மட்டும் "ரத்தந்தானுங்க, பாத்துட்டா என்ன கொறஞ்சா போயிரும்" என்றாள். அவளையும் அடக்கிவிட்டேன்.

முந்தாநாள் சர்க்கரை பார்க்க அதே டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று. மறக்காமல் மாப்பிள்ளையைக் கேட்டார், நேராகிவிட்டது என்று மிதப்பாகவே சொன்னேன். "அது பெரும்பாலும் தானாவே சரியாகுமுங்க, அத வெச்சு ரத்தத்துல ஒண்ணுமில்லீன்னு சொல்ல முடியுமாங்க" என்றார். முகத்து நரம்பு இப்படிச் செயலிழப்பது பலருக்குச் சும்மாவே வருமாம், சிலருக்கு மட்டும் அந்தக் கிருமி உள்ளே இருப்பதற்கு முதல் அடையாளமாக வருமாம். நீ ஐந்து மாதம் என்றதும் எழுந்தே நின்றுவிட்டார். இருந்தால்கூட இப்போதே தெரிந்தால் மருந்து கொடுத்துப் பிள்ளைக்கு வராமல் பெரும்பாலும் காப்பாற்றலாமாம். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீம்பால் ஏழு மாதம் போய்விட்டது சாமி, பயமாக இருக்கிறது.

உங்களுக்குப் போன் வருவது வீட்டுக்காரர் கூடத்தில், அங்கே இதைச் சொல்ல முடியாது. கடிதம் கிடைத்த அன்றே இரண்டு பேரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தையே காட்டு, கோபம் என்மேல் வரட்டும். ஒன்றுமில்லை என்று வந்தால் அவர் என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்களும் பிள்ளையும் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். இரும்பு மாத்திரையை நிறுத்திவிடாதே. வேறு மாதிரி முடிவு வந்தால் அங்கே தனியாகக் கிடக்காமல் இரண்டு பேரும் புறப்பட்டு வாருங்கள். அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அழுது முடித்து, "தாரணிக்கும் மாப்பளைக்கும் நம்ம ஊட்டுல தனித் தட்டு வெக்க மாட்டேன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு
அப்பா அருணாசலம்