மஸ்டர் ரோலில் இல்லாத பெயர்

மச்சான்,

இன்று காலை எங்கள் சுகாதார ஆபீஸ் வாசலில் பிளீச்சிங் பவுடர் பீப்பாயைத் திறந்தார்கள். நெருப்பெரிச்சல் ஊர்ப் பக்கம் வாந்திபேதி, கிணறுகளில் போட வேண்டும். மூடி கழன்றதும் மூக்கில் ஏறிய காரத்தோடு நீங்களும் வந்து நின்றீர்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வாய் நிறைய வெற்றிலை. செத்தவரைக் குறை பேசாதே என்று அக்கா சொல்லியிருக்கிறாள். உங்களோடு குடும்பம் நடத்தியவள், சொல்லிவிட்டுப் போகட்டும். உங்கள் கருமாதியில் ஊரே உங்களைப் புகழ்ந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனிமேல் என்னால் ஆகாது.

கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கி வந்தவனை, "வெளியில எதுக்குங் மாப்ளே வேல தேடறீங்க? நம்ம பட்டற இருக்குதில்லீங்க?" என்று கூட்டிப் போனீர்கள். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுக்கொண்டே கழுத்தை அறுக்கத் தெரிந்தவர் நீங்கள். பனியன் துணியை வெளுக்கிற பட்டறை அது. பவுடரைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவது என் வேலை. வெறுங்காலோடு தொட்டிக்குள் இறங்கித் துணியை மிதிப்பது ஆட்களின் வேலை. ஆள் குறைந்த நாட்களில் நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். இப்படி ஆறு வருடம் ஓடியது.

ஆட்களின் பெயரைப் பதியும் மஸ்டர் ரோலையும் நான்தான் எழுதினேன். அதில் என் பெயரை மட்டும் எழுதவில்லை. ஆள் எண்ணிக்கை கூடினால் ஃபேக்டரி சட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று சொந்தக்காரர்கள் பெயரை எந்தப் பட்டறையிலும் ஏற்றமாட்டார்கள். "ஊட்டுல சோறு உங்கறவருக்கு எதுக்குங் மாப்ளே மஸ்டரு?" என்று சிரித்தீர்கள். நானும் கூடச் சிரித்தேன், படித்த முட்டாள். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் என் கையில் ஒரு காபி டம்ளரைக் கொடுத்து ஓரமாக உட்கார வைப்பீர்கள். கேட்டால் நான் விருந்தாளி.

கருப்பண்ணனை உங்களுக்கு மறந்திருக்கும். தொட்டி மிதிக்கிறவர்களில் மூத்தவர். கால் விரலிடுக்கில் புண் வந்து, அது ஆறாமல் குழி விழுந்து, கடைசியில் பெரியாஸ்பத்திரிக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். "தண்ணில என்ன கலக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார். "சும்மா சோப்புத் தண்ணிங்க" என்றீர்கள். கலக்கிய நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. கருப்பண்ணனுக்கு இரண்டு விரலை எடுத்தார்கள். அந்த மௌனத்துக்காக உங்களைவிட என்னைத்தான் அதிகம் வெறுக்கிறேன், ஆனால் அதைப் பழக்கியவர் நீங்கள்.

அதற்கப்புறம்தான் பட்டணத்தில் பொதுச் சுகாதார மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டேன். எனக்கு வயது வரம்பு முடிகிற வருடம், விட்டால் மறுபடி கிடையாது. பட்டம் மட்டும் போதாது, தொழிலாளிகளோடு வேலை பார்த்த சான்றும் வேண்டும், அதை நேர்முகத்தில் காட்ட வேண்டும் என்று போட்டிருந்தார்கள். உங்களிடம் வந்து நின்றேன். நீங்கள் சாவகாசமாக மஸ்டர் ரோலை எடுத்து என் முன்னால் தள்ளினீர்கள்.

"ஏனுங் மாப்ளே, நீங்க நம்ம பட்டறைல வேல செஞ்சீங்களா? இதுல பேரக் காட்டுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

பக்கத்தைப் புரட்டினேன். அத்தனையும் என் கையெழுத்து. என் பெயர் மட்டும் ஒரு நாள்கூட இல்லை.

"படிச்சுப்போட்டு ஆபீசரா நம்ம பட்டறைக்கே வருவீங்க. பாலூத்திப் பாம்பை வளக்க முடியுங்களா?" என்றீர்கள். அக்கா வாசற்படியில் நின்று அழுதாள். நீங்கள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தீர்கள். அட, என்ன மனுசன் நீங்கள்!

சான்று இல்லாமலே போனேன். கால் முழுக்க மூட ஒரு சிநேகிதனின் ஷூவை வாங்கிப் போட்டிருந்தேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். "சர்டிபிகேட் இல்லாமல் எதை நம்புவது?" என்றார் நடுவில் இருந்தவர். பைலை மூடப் போனார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. குனிந்து ஷூவைக் கழற்றினேன்.

"இதைப் பாருங்க" என்றேன்.

ஓரத்தில் இருந்த டாக்டரம்மா எழுந்து வந்து, என் விரலிடுக்குகளையும் மஞ்சளாகிச் சொத்தையாகிப்போன நகங்களையும் பார்த்தார். "தண்ணியில என்ன கலந்தீங்க?" என்று கேட்டார். அதே கேள்வி. இந்தத் தடவை பவுடர், சுண்ணாம்பு, ஆசிட் என்று ஒன்று விடாமல் அளவோடு சொன்னேன், கருப்பண்ணன் விரல் வரைக்கும் சொன்னேன். "ஒரு வருசத்துல வர்ற கால் இல்லீங்க சார் இது" என்றார் அவர், நடுவில் இருந்தவரிடம். பைல் மறுபடி திறந்தது.

படித்தேன். நீங்கள் பயந்தபடியே ஆபீசராகத் திரும்பி வந்தேன். ஆனால் நான் உங்கள் பட்டறைக்கு வருவதற்குள் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன், அது பொய்.

இப்போது எந்தப் பட்டறைக்குள் போனாலும் மஸ்டர் ரோலை நீட்டுவார்கள். வாங்கி மூடி வைத்துவிட்டு, காபி டம்ளரோடு ஓரமாக உட்கார்ந்திருக்கும் விருந்தாளியைத் தேடுகிறேன். யாராவது ஒருவர் இருக்கத்தான் செய்கிறார், ஒரு மச்சினனோ பங்காளி மகனோ. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "செருப்பைக் கழட்டுங்க, காலைப் பாக்கோணும்" என்கிறேன். என் நோட்டில் முதலில் எழுதுவது அவர் பெயரைத்தான்.