நீலம் வெளுக்கிற வரைக்கும்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பல் தேய்க்கலாம் என்று கரண்ட் பிரஷ்ஷின் பட்டனை அழுத்தினால் ஒரு முனகல், அதோடு சரி. சார்ஜ் தீர்ந்துவிட்டது. முன்னெல்லாம் ஒரு தடவை சார்ஜ் போட்டால் ரெண்டு வாரம் ஓடும். இப்போது ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. விரலால் தேய்த்துக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

எங்கள் வீட்டில் கைப்பிடி ஒன்று, அதன் மேலே மாட்டுகிற பிரஷ் ஹெட் ரெண்டு. சிவப்பு வளையம் எனக்கு, கறுப்பு இவருக்கு. ஒரே மோட்டாரில் ரெண்டு பேர் குடித்தனம்.

கடையில் இன்றைக்கும் ஒரு அம்மா கேட்டார், பிரஷ் ஹெட்டை எப்போது மாற்றணும் என்று. மருந்துக்கடைக் கவுண்டரில் இத்தனை வருஷம் நின்றவளுக்கு இதற்கெல்லாம் யோசனை வேண்டுமா? "மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்கம்மா. நடுவுல நீலமா நார் இருக்கு பாருங்க, தேய்க்கத் தேய்க்க அது வெளுக்கும். பாதி வெளுத்துட்டா மாசக் கணக்கெல்லாம் பாக்காதீங்க. வாயில புண்ணு கிண்ணு வந்தாலும் மாத்திடுங்க." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இவர் இன்றைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் மட்டும் போய்விடுமா?

பிப்ரவரி முதல் ஞாயிறு ரெண்டு பேருக்கும் புது ஹெட் மாட்டினேன். அந்த வாரத்திலேயே அது நடந்தது. இவர் ஓட்டிய பஸ், சிக்னல் தாண்டி வளைகிற இடம். காய்கறிப் பையோடு ஒரு பெரியவர் சட்டென்று இறங்கிவிட்டார். பிரேக் பிடித்திருக்கிறார். நின்றிருக்கிறது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் இல்லை.

விசாரித்தார்கள். டிரைவர் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். டிப்போவில் எல்லோரும் தோளைத் தட்டிக் கொடுத்தார்களாம். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "தப்புன்னு சொல்லியிருந்தா தண்டனையாவது குடுத்திருப்பாங்க." அன்றைக்கு மூடின வாய்தான்.

மார்ச் 15, சனி

மறுபடியும் சார்ஜ் இல்லை. சனியன்.

மார்ச் 23, ஞாயிறு

இவருடைய அக்கா வந்திருந்தார். தம்பியைப் பார்த்துவிட்டு சமையல்கட்டுக்கு வந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்னம்மா இது, பாதியா போயிட்டான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் ஏதோ பட்டினி போட்ட மாதிரி. "சாப்பிடறதில்லை, குளிக்கறதில்லை, சொன்னா கேக்கறதில்லை. ஆனா பல்லு மட்டும் ரெண்டு வேளையும் தேய்ச்சிடறார் அண்ணி. காதாலயே கேக்கறேனே" என்றேன்.

"அப்ப பயமில்ல. ஆளு விழுந்துட்டா மொதல்ல விடறது அதைத்தான்" என்றார் அண்ணி. எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. உண்மையும் அதுதானே. காலையில் நான் அடுப்படியில் நிற்கும்போது பாத்ரூமில் அந்த 'ர்ர்ர்' கேட்கும். அது கேட்டால் இவர் இருக்கிறார், எழுந்துவிட்டார், ஏதோ ஒன்றைச் செய்கிறார் என்று அர்த்தம். அந்தச் சத்தத்தை நம்பித்தான் கடைக்குக் கிளம்புகிறேன்.

ஏப்ரல் 9, புதன்

பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாயில் நாற்றம். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

கடையிலிருந்து வாய் கொப்பளிக்கிற மருந்து கொண்டு வந்து வைத்தேன். பாட்டிலின் மூடி பிரிக்காமலே இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்றைக்கு மோட்டார் ரொம்ப நேரம் ஓடியது. ரெண்டு நிமிஷத்தில் அது தானாக நின்றுவிடும். நின்றது, திரும்பப் போட்டார். நின்றது, திரும்பப் போட்டார். பரவாயில்லையே, நன்றாகத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. சார்ஜ் எங்கே போகிறது என்றும் தெரிந்தது. திட்டவில்லை.

மே 4, ஞாயிறு

மூணு மாசம் ஆகிவிட்டதே என்று ரெண்டு ஹெட் இருக்கிற பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன். என்னுடையதைக் கழற்றினேன். நார் எல்லாம் நாலு பக்கமும் படுத்துக் கிடக்கிறது, நீலம் இருந்த இடமே தெரியவில்லை. குப்பையில் போட்டேன்.

அவருடையதை எடுத்தேன்.

கருநீலம். கடையில் அட்டையைப் பிரித்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஒரு நார் வளையவில்லை, ஒரு நார் வெளுக்கவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன். காய்ந்து, குத்துகிறது. முதலில் என் புத்தி எங்கே போயிற்று என்றால், யாராவது எனக்குத் தெரியாமல் புதுசு மாற்றிவிட்டார்களோ என்று. யார் மாற்றுவது? நான்தானே வாங்கி வருகிறவள்? வளையத்தைப் பார்த்தேன். கறுப்புதான்.

அப்போ அந்தச் சத்தம்?

தினமும் கேட்டேனே — ரெண்டு வேளையும் — அது என்ன? கண்ணுக்கு எதிரே கப்பில்தான் நின்றுகொண்டிருந்தது, என்னுடையதுக்குப் பக்கத்திலேயே. ஊருக்கெல்லாம் "நீலத்தைப் பாருங்க, நீலத்தைப் பாருங்க"ன்னு சொல்றவ ஒரு நாளாவது பார்த்தேனா? ஈரமா இருக்கான்னு தொட்டாவது பார்த்தேனா? சத்தம் கேட்டுச்சு, போதும்னு இருந்துட்டேன். இந்த மனுஷன் உள்ளே என்னதான் பண்றார்?

மே 5, திங்கள்

கதவில் காதை வைத்துக் கேட்டேன். மோட்டார் ஓடுகிறது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தேன்.

அழுகிறார்.

மோட்டார் நின்றதும் அதுவும் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் போல. திரும்பப் பட்டன். திரும்ப அது.

தட்டக் கை போயிற்று, தட்டவில்லை. திரும்பி வந்து பால் பொங்கி வழிந்திருந்ததைத் துடைத்தேன்.

மே 6, செவ்வாய்

நல்லபடியாகக் கேட்கணும் என்று ராத்திரி பூராவும் யோசித்து வைத்திருந்தேன். கேட்டது எப்படி? அந்த ஹெட்டை அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "இது என்ன?"ன்னேன்.

"பிரஷ்ஷு."

"அது தெரியுது. ஏன் இன்னும் நீலமா இருக்கு? மூணு மாசமா என்னை முட்டாளாக்கிட்டு உள்ள என்னங்க பண்றீங்க?"

அக்கம்பக்கத்துக்கே கேட்டிருக்கும். அவர் அந்த நீலத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவா, "அது ஓடிக்கிட்டிருந்தா நீ கதவைத் தட்டமாட்டே"ன்னார்.

பாவி நான். பாவி.

மே 9, வெள்ளி

காலையில் எழுந்தால் வலது கன்னம் வீங்கிக் கிடக்கிறது. வலிக்குது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எத்தனை நாளாய் வலித்ததோ. இழுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனேன். அந்த அம்மா வாயைத் திறக்கச் சொல்லி விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "தேய்க்கிறதே இல்லையா?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் இவரே சொன்னார்: "இல்லைங்க."

கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள். ஈறெல்லாம் சீழ். டாக்டர் இவரை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார்: "பல்லை விடுங்க. ஆளு எப்படி இருக்கார்?" நான் சொல்லச் சொல்ல ஒரு காகிதத்தில் மனநல டாக்டர் ஒருவருடைய நம்பரை எழுதினார். "பழைய ஹெட்டைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க" என்றும் சொன்னார். எனக்கே.

பாக்கெட்டில் மிச்சமிருந்ததை மாட்டினேன். மறுபடியும் கருநீலம். இனிமேல் இது வெளுக்கணும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

மே 14, புதன்

மனநல டாக்டர் பக்கம் பக்கமாய்க் கேள்வி கேட்டார். கடைசியில், செத்துப்போகலாம்னு தோணுதா என்றார். இவர் ஆமாம் என்று தலையாட்டினார். டீ வேணுமா என்று கேட்டதற்குத் தலையாட்டுகிற மாதிரி.

பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். எனக்குத் தெரியலையே.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மொத்தமாக வீட்டில் வைக்காதீங்க என்றார் டாக்டர். கைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறேன், வருகிறேன். நான் கடையில் இருக்கிற நேரத்துக்கு அண்ணி வந்து இருக்கிறார். இவரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறோம். அவருக்கும் அது தெரிகிறது.

மே 25, ஞாயிறு

பாத்ரூமில் மோட்டார் ஓடியது. கதவுக்கு வெளியே நின்று சொன்னேன்: "ஏங்க, அழணும்னா சமையல்கட்டுக்கு வந்து அழுங்க. சத்தம்தான் வேணும்னா மிக்ஸியைப் போட்டு விடறேன். இந்தப் பிரஷ்ஷோட பேட்டரி பாவம்."

உள்ளே மோட்டார் நின்றது. என் வாய் சும்மா இருக்காதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

வந்தார். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதார். மிக்ஸியைப் போடவில்லை. "அந்தப் பையில இருந்த தக்காளியெல்லாம் டயருக்கு அடியில" என்றார். திரும்பத் திரும்ப அதையே. நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

கருநீலம்தான் இன்னும். அவசரப்படாதே என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 28, சனி

ஈரமாக இருந்தது. நுனியில் பேஸ்ட்.

ஜூலை 12, சனி

மோசமான வாரம். திங்களிலிருந்து படுக்கையை விட்டு எழவில்லை. பிரஷ் காய்ந்து கிடக்கிறது. டிப்போவில் இருந்து ஒருவர் வந்து, இனி ஸ்டியரிங் வேண்டாம், ஸ்டோர் ரூமில் உட்காரட்டும், எப்போ முடியுமோ அப்போ வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

ஓரத்தில் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கு. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். என் ஆசையா, நிஜமா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

இந்த மாசத்திலிருந்து அண்ணி தினமும் வருவதில்லை. இன்றைக்கு இவர் தனியாக இருந்தார். கடையில் கூட்டம். போன் அடித்தது. இவர் நம்பர். பிப்ரவரிக்கு அப்புறம் இவராகப் போன் பண்ணினதே கிடையாது. பில்லை அப்படியே போட்டுட்டு எடுக்கிறதுக்குள்ள அது நின்னே போச்சு. திரும்ப அடித்தது. காதில் வைத்தேன். என் உயிர் என் கையில் இல்லை.

"உன்னோடதுலயும் நீலம் போச்சு, என்னோடதுலயும் போச்சு" என்றார். "எப்ப மாத்தறதா உத்தேசம்? கடையில உக்காந்து ஊருக்கெல்லாம் சொல்றியே."

"என்னது?" என்றேன்.

"பிரஷ்ஷு. வரும்போது எடுத்துட்டு வா. மறந்துடாதே." வைத்துவிட்டார்.

அவருடையதையே பார்த்துப் பார்த்து என்னுடையதை மறந்தே போயிருக்கிறேன். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே அழுதேன். மோட்டாரும் இல்லை, மிக்ஸியும் இல்லை, அத்தனை பேருக்கு நடுவில். இருமல் மருந்துக்காக நின்றுகொண்டிருந்த பெரியவர் பயந்துபோய், "ஏம்மா, வீட்ல யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். "எங்க வீட்டுக்காரருக்கு பிரஷ் தேஞ்சுபோச்சு."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மருந்தை வாங்கிக்கொண்டு போனார்.