காலி கேபினெட்டுக்குப் பூஜை போட்டவனுக்கு

இன்று காலை உன் மனைவி திருப்பதி பஸ்ஸில் வந்து இறங்கி, நேராக என் கடைக்கு வந்து, மேஜை மேல் உன் கம்ப்யூட்டர் கேபினெட்டை வைத்தார். சித்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ கூடப் பிடிக்காமல் இடுப்பில் வைத்தே தூக்கி வந்திருக்கிறார். பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன். குப்பென்று பச்சைக் கற்பூர வாசனை. இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் பெட்டிகளைத் திறந்து மூடுகிறேன். தூசி வாசனை, கருகிய வயர் வாசனை, எலி குடும்பம் நடத்திய வாசனை எல்லாம் எனக்கு அத்துப்படி. பெருமாள் தீர்த்தத்தின் வாசனை அடிக்கும் கேபினெட்டை இன்றுதான் பார்த்தேன்.

"அவரோட பட்டு வேஷ்டியெல்லாம் இதுலதான் வச்சிருந்தேண்ணா. காத்துப் போக வழி இருக்கு, கண்ணாடிக் கதவு இருக்கு. சும்மா எதுக்கு வீணாகணும்?" என்றார் உன் மனைவி.

எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல உள்ளே போய்விட்டு வந்தேன்.

நீ போன பிறகு உன் வேலையை அவர்தான் பார்க்கிறார். வீட்டுப் பிளான் போடும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அளவு சொன்னவர் அல்லவா, இப்போது பில்டர்கள் அவருக்கே போன் செய்கிறார்கள். "பழைய மிஷின் நின்னுடுத்து. ரெண்டு வீட்டு முன்பக்க எலிவேஷன் படம் கையில இருக்கு. இதுக்குள்ள எல்லாத்தையும் போட்டு ஓட வச்சுக் குடுங்கோ, இன்னிக்கே" என்றார்.

என் வாய் என்ன சொல்லப் பார்த்தது தெரியுமா? "ஒரு ஆறு மாசம் பொறும்மா, அடுத்தது வருது."

பல்லைக் கடித்துக்கொண்டேன். காலையில் டீ குடிக்கும்போதுதான் நாம் சிவப்பு என்று பெயர் வைத்த சிப் கம்பெனியின் அடுத்த சிப்பைப் பற்றி ஒரு கசிவுச் செய்தி படித்திருந்தேன். அந்த ஜுரம் இறங்கவில்லை. அதே ஜுரத்தில்தான் உன்னிடம் நான்கு வருஷம் அந்த வார்த்தையைச் சொன்னேன். நீயும் பொறுத்துக்கொண்டே இருந்து, போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவேயில்லை. என்னால்தான் நீ ஒரு நல்ல மிஷினில் வேலை செய்யாமலே போனாய் என்பது அன்றிலிருந்து என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை.

நமக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது திருப்பதியில் பாலிடெக்னிக் படிக்கும்போது. நீ கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பிள்ளை, நான் நகரிப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்காரன். ஒரே பெஞ்ச். லேப்பில் இருந்த ஒரு செத்த மிஷினை யாருக்கும் தெரியாமல் நாம் இருவரும் திறந்து பார்த்து, மூடத் தெரியாமல் முழித்தோமே, அன்றைக்குப் பிடித்தது. சிப் செய்யும் இரண்டு பெரிய கம்பெனிகளுக்குச் சிவப்பு, நீலம் என்று பெயர் வைத்துக் கட்சி பிரித்துக்கொண்டோம். நீ நீலம், நான் சிவப்பு. என் நைனா மழையைப் பற்றிப் பேசியதைவிட நாம் வராத சிப்பைப் பற்றிப் பேசியது அதிகம்.

நான் சித்தூரில் கடை வைத்த பிறகு பேச்சு போனுக்கு மாறியது. தினமும் சாயங்காலம் ஆறே முக்கால். நீ சந்தியாவந்தனம் முடித்திருப்பாய், எனக்குக் கடையில் கூட்டம் குறைந்திருக்கும்.

"டேய், போர்டு போட்டோ லீக் ஆயிருக்குதுடா. மத்தியானத்துலருந்து அதையே பாத்துக்கினு இருக்கிறேன். சோறு கூடத் துன்னல" என்பேன்.

"போட்டோ கெடக்கட்டும். சாக்கெட்டை மாத்தறானா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல."

சாக்கெட் என்றால் சிப் உட்காரும் இடம். அதை மாற்றிவிட்டால் போர்டையும் மாற்ற வேண்டும். உனக்கு எப்போதும் அந்தக் கவலைதான். எனக்கு வேகம், உனக்கு எத்தனை வருஷம் வரும் என்பது. அரை மணி நேரம் சண்டை போடுவோம். நமக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு நாட்டில், யாரோ ஒரு ஆள் தெரியாமல் வெளியே விட்ட ஒரு பெட்டியின் படத்தை வைத்துக்கொண்டு, அதில் எத்தனை கோர் இருக்கும், எவ்வளவு சூடாகும், நம் ஊர் வெயிலுக்குத் தாங்குமா என்று பேசினோம். அந்த அரை மணி நேரத்தில் எனக்கிருந்த சந்தோஷத்தை எதோடும் ஒப்பிட மாட்டேன்.

உன் பழைய மிஷின் பாவம். ஒரு வீட்டின் முன்பக்கப் படத்தை ஓட விட்டுவிட்டு நீ சாப்பிட்டு, பெருமாள் சேவித்து, அலிபிரிப் பக்கம் ஒரு நடை போய்த் திரும்பினாலும் பாதியில் நிற்கும். "நானே செங்கல் வச்சுக் கட்டிருந்தா இதுக்குள்ள கிரகப்பிரவேசம் ஆயிருக்கும்" என்பாய். புது மிஷின் வேண்டும் என்று முடிவு செய்தோம். பாகங்களின் பட்டியல் போட்டோம். போட்ட மறுவாரமே புதுக் கசிவு. பட்டியலை அடித்தோம். மறுபடி போட்டோம்.

அப்போதுதான் உனக்கு அந்த யோசனை வந்தது. "சிப் பழசாகும், போர்டு பழசாகும். கேபினெட் பழசாகுமோ? அதை முதல்ல வாங்கிடுவோம்."

வேறு எவனாவது இப்படிச் செய்வானா? வீடு கட்டாமல் கதவு வாங்கிய மாதிரி. வாங்கினோம். கண்ணாடி வைத்தது, மூன்று விளக்கு ஃபேன் போட்டது. நான்தான் சொன்னேன், புது வண்டி வாங்கினால் காணிப்பாக்கத்துக்குக் கொண்டு போய்ப் பூஜை போடுகிறோமே, இதுக்கும் போடலாம் என்று. நீயோ பரம வைஷ்ணவன். பிள்ளையார் கோயில் என்றதும் நெளிந்தாய். பிறகு, "தும்பிக்கையாழ்வார்னு நினைச்சுண்டு சேவிச்சுடறேன். ஆத்துல சொல்லிடாதே" என்று வண்டியில் ஏறினாய்.

கார், ஆட்டோ, டிராக்டர் வரிசையில் நம் கேபினெட். பூஜாரி குங்குமத் தட்டோடு வந்து குனிந்து பார்த்தார். "லோபல ஏமீ லேதே?" உள்ளே ஒன்றுமில்லையே என்று அவருக்குக் கவலை.

"வஸ்துந்தி ஸ்வாமி," இனிமேல்தான் வரும் என்றாய் நீ, கொஞ்சமும் அசராமல்.

வண்டிக்குச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். நீ கேபினெட்டின் நான்கு ரப்பர் கால்களின் கீழும் நான்கு பழம் வைத்தாய். அது உருண்டு, கேபினெட் சாய்ந்து, பக்கத்து டிராக்டர்காரர் தாங்கிப் பிடித்து, "அன்னா, இதுக்கு ஸ்டேண்ட் இல்லியா?" என்று கேட்டாரே. நீ சிரித்த சிரிப்பில் பூஜாரியும் சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கினதும் நீ சொன்னாய்: "சரி, இங்கயே சொல்லு. இதுக்குள்ள மிஷினை நீதான் கட்டித் தரணும்."

"நானே கட்டித் தர்றேன்" என்றேன்.

காணிப்பாக்கத்தில் சொன்ன சொல் பொய்யாகக் கூடாது என்று நம் ஜில்லாவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பங்காளித் தகராறில் கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவன்கூட அங்கே சத்தியம் செய்யப் பயப்படுவான். நான் விளையாட்டாகச் சொன்னேன். ஆனால் அங்கே நின்று சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் என் ஆறு மாசங்கள் ஆரம்பித்தன. நீலம் புதுசு விடப் போகிறது, பொறு. சிவப்பு அதைவிடப் பெரிசு விடப் போகிறது, பொறு. கிராஃபிக்ஸ் கார்டு விலை இறங்கும், பொறு. கடைசியாக மெமரி விலை இறங்கும் என்றேன். இறங்கவா செய்தது? ஏஐ கம்பெனிகள் உலகத்து மெமரி சிப்பை எல்லாம் வாரிக்கொண்டு போக, விலை மலையேறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நீ, "சரிடா, நீ சொன்னா சரி" என்றுதான் சொன்னாய். ஒரு தடவையாவது திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இன்று காலை அதை உன் மனைவியிடம் சொல்லிவிட்டேன். கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, அவர் முகத்தைப் பார்க்காமல். "நான்தாம்மா வேணாம் வேணாம்னு இழுத்துக்கினே வந்தேன். சத்தியம் வேற பண்ணேன். கட்டிக் குடுக்காமலே அவனை அனுப்பிட்டேன்."

அவர் கேட்டார், "ஏண்ணா, பில்டர் ஒருத்தர் அவருக்குப் புது மிஷின் குடுத்த கதை உங்களுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது.

உனக்கு ஒரு பில்டர் தன் செலவில் நல்ல மிஷின் ஒன்றை வாங்கி, ஆள் விட்டு வீட்டிலேயே இறக்கினாராம். நீ அதைப் பிரிக்கக்கூட இல்லையாம். "என் ஃப்ரெண்ட் காணிப்பாக்கத்துல வாக்குக் குடுத்திருக்கான். நான் இதை வச்சுண்டா அவன் வாக்கு பொய்யாயிடும்" என்று திருப்பி அனுப்பிவிட்டாயாம்.

"பில்டர்கிட்ட சொன்ன காரணம் அது. எனக்குக் கோவம்னா கோவம். உள்ளே வந்து சண்டை போட்டேன். அப்பதான் நிஜத்தைச் சொன்னார்." உன் மனைவி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "மிஷின் வந்துடுத்துன்னா அவன் என்னத்துக்குடி தினம் என்னைக் கூப்பிடப் போறான்னார்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன்டா. வாசலில் பிரிண்டர் ரிப்பேருக்கு வந்த ஒரு மாங்கூழ் ஃபேக்டரி ஆள், "ஏமைந்தி அன்னா?", என்ன ஆச்சு என்று பதறிப் போய்விட்டான்.

"எனக்கு அந்த மாதிரியெல்லாம் இல்லைண்ணா. எனக்கு மிஷின் வேணும்" என்றார் உன் மனைவி. அழுகையோடு சிரித்தேன்.

கட்டினேன். இன்று கடையில் என்ன இருந்ததோ அதை வைத்து. புதுப் போர்டை உறையிலிருந்து எடுத்தபோது, அடடா, அந்த வாசனையும் உன் பச்சைக் கற்பூரமும் சேர்ந்து அடித்தது பார்! சிப்பை வைத்துக் கம்பியை அழுத்தும்போது வருமே ஒரு சின்ன நெறுக் சத்தம், இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் சிப்பை உடைத்துவிட்டேனோ என்று குனிந்து பார்க்கிறேன். பட்டனை அழுத்தினேன். மூன்று ஃபேனும் விளக்கோடு சுற்றின. திரை மட்டும் கறுப்பு. புது மெமரி முதல் தடவை தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உயிர் போய் வந்தது. உன் மனைவி கண்ணை மூடி என்னவோ சேவித்துக்கொண்டிருந்தார். பளிச்சென்று எழுத்து வந்தது.

அவர் கொண்டு வந்த பென் டிரைவிலிருந்து ஒரு மாடி வீட்டை எடுத்து ஓட விட்டோம். எதிர்க்கடைக் காபி சூடு ஆறுவதற்குள் படம் முடிந்து நின்றது. பால்கனி, ஜாலித் தடுப்பு, வாசலில் நீ எப்போதும் வைக்கும் அந்த ஒரு தென்னை மரம் எல்லாம் துல்லியமாக. "இவ்வளவுதானா!" என்று அவர் இரண்டாவது வீட்டையும் திறந்துவிட்டார். உடனே அடுத்த வேலைக்குப் போய்விட்டார் பார், உன்னையும் என்னையும் மாதிரி இல்லை.

மூன்று மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோர சீட்டில் கேபினெட், பக்கத்தில் அவர்.

இப்போது மணி ஆறே முக்கால். ஒரு வருஷமாக இந்த நேரத்தில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே நின்றுகொள்வேன். யாராவது போன் செய்தால் எரிச்சல் வரும். இன்று அப்படி நிற்கவில்லை. உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். என்னிடம் இன்னும் மிச்சமிருப்பது அந்த ஜுரம்தான், அது குறையவேயில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் இத்தனை நாள் தெரியவில்லை.

கேள். லேப்டாப்பில் மெமரியைப் போர்டோடு ஒட்டி விற்கிறார்கள், மாற்ற முடியவில்லை, அநியாயம் என்று கத்துவாயே, இப்போது ஸ்க்ரூ போட்டுக் கழற்றி மாட்டுகிற தட்டையான மெமரி வந்திருக்கிறது. எல்லா லேப்டாப்பிலும் வருமா என்று தெரியாது. வரும் என்று என் மனசு சொல்கிறது. சிவப்பு அடுத்த சிப்பிலும் இதே சாக்கெட்டை வைத்துக்கொள்ளும் என்கிறார்கள். தனி கார்டே இல்லாமல், சிப்புக்குள்ளேயே கிராஃபிக்ஸை வைத்து உன் மாடி வீட்டை ஓட்டுகிற லேப்டாப்பும் வரப் போகிறதாம். மெமரி விலை எப்போது இறங்கும் என்று மட்டும் கேட்காதே, அதில் என் ஜோசியம் சந்தி சிரித்தாயிற்று.

உன் மிஷினைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். சொன்ன சொல் தீர்ந்தது. இனி நாம் எதுவும் வாங்க வேண்டியதில்லை, யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. சும்மா பேசலாம்.

சொல்லுடா, உன் நீலம் இந்தத் தடவை என்ன செய்யும்?