இரண்டு பதிவுகளையும் கொடுத்துவிட்டேன்

மாதனூர்,
9.3.2025, ஞாயிறு.

அன்புள்ள அண்ணனுக்கு,

பாரதி எழுதுகிறேன். அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உனக்கு எப்படி என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

உன்னிடம் போன் இல்லை என்பதால் கையால் எழுதுகிறேன். எங்கள் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் அம்மா இதைப் படம் பிடித்துத் தூதரக அதிகாரிக்கு அனுப்புவார். அவர் அச்செடுத்து, நீ இருக்கும் தாய்லாந்து எல்லை முகாமில் உன் கையில் கொடுப்பாராம். நடுவில் நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும்.

மீட்டுக் கொண்டுவரப்பட்டவர்களிடம் வாங்கிய படிவத்தில், குடும்பம் என்ற இடத்தில் 'யாரும் இல்லை' என்று எழுதியிருக்கிறாய். பாஸ்போர்ட் எண்ணை வைத்துத்தான் அது நீ என்று கண்டுபிடித்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா இதை என்னிடம் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. ஏன் அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியும், அண்ணா. எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வேலூரில் சைபர் கிரைம் விழிப்புணர்வுப் பிரிவில் எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது என்று டிசம்பரில் நீ போன் பண்ணியபோது சொன்னேன் அல்லவா? நீ சிரித்தாய். "சம்பளமும் கெடையாது. நோட்டீஸ் ஒட்றதுக்கு இன்னாத்துக்குடீ மூணு வருஷம் காலேஜ்?" என்றாய். அந்தச் சிரிப்பு சரியில்லை என்று அம்மா அன்றே சொன்னாள். லைன் சரியில்லம்மா என்று நான்தான் சமாளித்தேன். பொங்கலுக்கு முன்பே உன் அழைப்பு நின்றுவிட்டது.

அங்கே என் வேலை, புகார் கொடுக்க வருகிறவர்கள் கொண்டுவரும் போன் பதிவுகளைக் கேட்பது. பேசுகிறவன் எப்படி ஆரம்பிக்கிறான், எங்கே மிரட்டுகிறான், எப்போது 'யாரிடமும் சொல்லாதே' என்கிறான் என்று எழுதி எடுக்க வேண்டும். பிறகு அதை வைத்து நோட்டீஸ் எழுத வேண்டும். என் முதல் நோட்டீஸ், 'இணையவழி மோசடிகள் குறித்துப் பொதுமக்கள் விழிப்புடன் இருக்குமாறு' என்று ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டர் அம்மா படித்துவிட்டு, "உங்கம்மா ஷூ கம்பெனி பஸ்ல நின்னுக்கிட்டே போவும்போது இதைப் படிப்பாங்களா?" என்று கேட்டார். அதிலிருந்து அம்மாவை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு வரியும் எழுதுகிறேன்.

ஜனவரி கடைசியில் சத்துவாச்சாரியிலிருந்து ஜெயபுஷ்பம் டீச்சர் வந்தார். ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். பணம் போனதா என்று கேட்டோம். போகவில்லை என்றார். பின்னே என்ன புகார் என்று கேட்டதற்கு, "என்கிட்ட பேசின பையனை யாரோ அடிச்சாங்கம்மா. அதை யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னு தெரியல" என்றார். அதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பதிவைக் கேட்டுப் பார் என்று என்னிடம் கொடுத்தார்கள்.

ஹெட்போனில் முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது.

மும்பை போலீஸ் என்கிறாய். டீச்சர் பெயருக்கு வந்த பார்சலில் போதை மருந்து இருந்தது என்கிறாய். அவர் அழுதுகொண்டே, "நான் வேலூர்ல தனியா இருக்கேன்பா, எனக்கு யாருப்பா பார்சல் அனுப்புவாங்க?" என்கிறார். அதற்கப்புறம் உன் பக்கம் சத்தமே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "பேஜாராவாதீங்கம்மா. எல்லாம் பொய்யி. போனை வெச்சிட்டுப் பக்கத்து வூட்டுக்குப் போங்க" என்றாய். நாற்காலி விழுந்தது. ஓர் அடி விழுந்தது. நீ கத்தவில்லை. இரண்டாவது அடிக்குக் கத்தினாய். பதிவு அதோடு முடிந்துவிட்டது.

அன்றைக்கு மாதனூரில் இறங்க மறந்து ஆம்பூர் வரை போய்விட்டேன். சொன்னால் உன்னைக் குற்றவாளி என்று எழுதுவார்கள். சொல்லாவிட்டால் அங்கேயே உன்னை அடித்துக் கொன்றுவிடுவார்கள். மூன்று நாள் இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் கிடந்தேன். அம்மா தட்டில் சோறு போட்டுவிட்டு, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பாள். அவள் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேனோ என்று குனிந்தே இருந்தேன்.

மூன்றாம் நாள் பழைய பதிவுகளையெல்லாம் தேடினேன். நீ எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் இருக்கிறாய் என்று எதிலாவது ஒரு துப்பு கிடைக்காதா என்றுதான் தேடினேன். கிடைத்தது. ஆனால் அது நவம்பர் மாதப் பதிவு. ராணிப்பேட்டையில் ஒரு பெண்மணி. ஐம்பது நிமிடம். அதில் நீ எங்கேயும் நிறுத்தவில்லை, அண்ணா. "என் வூட்டுக்காரர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் சார்" என்று அவர் கெஞ்சுகிறார். "கேட்டா ரெண்டு பேரையும் தூக்கி உள்ள வெச்சிடுவோம்" என்கிறாய். மகளின் நர்சிங் படிப்புக்கு வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. அந்த அம்மா இப்போது மகள் கூப்பிட்டால்கூடப் போனை எடுப்பதில்லையாம். இந்த வெட்கத்தில்தானே 'யாரும் இல்லை' என்று எழுதினாய்?

அந்தப் பதிவில்தான், உனக்குப் பின்னால் ஒருவன் இந்தியில் உங்களை அடைத்துவைத்திருந்த வளாகத்தின் பெயரையும் மாடியையும் சொல்லி, எல்லோரையும் கீழே வரச் சொல்லுகிறான். டீச்சருடைய பதிவை மட்டும் கொடுத்தால் நீ நல்லவன் என்று தெரியும். எங்கே இருக்கிறாய் என்று தெரியாது. இதையும் கொடுத்தால் உன்னைத் தேடலாம். ஆனால் நீ செய்ததும் தெரிந்துவிடும்.

இரண்டையும் கொடுத்துவிட்டேன். உன் பாஸ்போர்ட் நகலையும், என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய குரல் செய்தியையும் சேர்த்துக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் அம்மா இரண்டையும் கடைசி வரை கேட்டார். பிறகு, "இனிமே நீ பதிவு எதுவும் கேக்கக் கூடாது, அது முறையில்ல. நோட்டீஸ் எழுதறதை மட்டும் விட்டுடாதே" என்றார். அன்றே எல்லாம் சென்னைக்குப் போனது, அங்கிருந்து டெல்லிக்கு. நாலு வாரம் கழித்து மீட்கப்பட்டவர்களின் பட்டியல் வந்தது. அதில் உன் பெயர் இருந்தது.

நான் செய்தது தப்பென்றால் வந்து என்னை அடி. வந்து அடி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 'வெளிநாட்டில் டைப்பிங் வேலை' என்று ஆள் பிடித்து, அங்கே அடைத்துவைத்து மோசடிப் போன் பேசவைப்பதைப் பற்றிப் பிப்ரவரியில் ஒரு நோட்டீஸ் எழுதினேன். உன் பெயர் அதில் இல்லை. உன்னை எப்படியெல்லாம் பேசி அழைத்துப்போனார்களோ, அந்த வார்த்தைகள் மட்டும் இருந்தன. ஷூ கம்பெனி பஸ்களில் ஒட்டினோம். பத்து நாளில் மூன்று தாய்மார்கள், "எம்புள்ளகிட்டயும் இதையேதான் சொன்னான்" என்று வேலைக்கான ஆர்டர் காகிதத்தோடு ஆபீசுக்கே வந்துவிட்டார்கள். மூன்றிலும் உன்னை அனுப்பிய அதே ஏஜெண்டின் கையெழுத்து. அந்த மூன்று பிள்ளைகளும் இன்று ஊரில்தான் இருக்கிறார்கள்.

அதிலிருந்துதான் பயம் அதிகமாகிவிட்டது. வியாழக்கிழமை ஏஜெண்டின் ஆள் பைக்கில் வந்து வாசலிலேயே நின்றான். வண்டியை அணைக்கவில்லை. "உம்புள்ள வாயைத் தொறந்தா ஜெயிலு. மூடிக்கினு வந்தான்னா ஊர்ல இருக்கலாம். பொண்ணையும் ஆபீசுக்கு அனுப்பாதே" என்று அம்மாவிடம் சொன்னான். அவன் போன பிறகு அம்மா கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் பேரிலும் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஷூ கம்பெனியில் அம்மாவோடு வேலை செய்யும் நசீமுன்னிசா அக்கா ஷிப்ட் முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். மறுநாள் நான் ஆபீசுக்குப் போனேன். பஸ்ஸில் பின்னால் யார் ஏறினாலும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். ஆனாலும் போனேன்.

அதிகாரி கேட்கும்போது ஏஜெண்டின் பெயரைச் சொல்லிவிடு, அண்ணா. உன்னை எப்படி ஏமாற்றினார்கள், நீ யாரையெல்லாம் ஏமாற்றினாய் எல்லாவற்றையும் சொல். ராணிப்பேட்டை அம்மாவைப் பற்றியும் சொல். உன்னைக் கைது செய்யமாட்டார்களே என்று இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் கேட்டேன். "அதை நான் சொல்ல முடியாதும்மா. கோர்ட்டுதான் சொல்லணும். ஆனா எல்லாத்தையும் சொன்னவனுக்கும் மறைச்சவனுக்கும் வித்தியாசம் உண்டு" என்றார். எனக்குப் பொய்யாக ஆறுதல் சொல்லாததால் அவரை நம்புகிறேன்.

ஜெயபுஷ்பம் டீச்சர் வாரம் தவறாமல் ஆபீசுக்கு வந்து உன்னைப் பற்றி விசாரிக்கிறார். நான் உன் தங்கை என்று போன வாரம்தான் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வீடியோவில் உன்னோடு பேச ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அம்மா கம்பெனியில் லீவு சொல்லிவிட்டாள். நீ பேச வேண்டாம். அழுதாலும் பரவாயில்லை. ஆனால் வராமல் இருந்துவிடாதே. போனில் ஏமாற்றிப் பேச மறுத்தவர்களின் விரலை அந்தக் கட்டடத்தில் வெட்டுவார்கள் என்று பைக்கில் வந்த அந்த ஆள் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்குவதில்லை. திரையில் உன்னைப் பார்த்ததும் முதலில் கையைத்தான் காட்டச் சொல்வாள்.

பத்து விரலும் இருந்தால் காட்டு, அண்ணா. இல்லாவிட்டாலும் காட்டு.

உன் வரவுக்காகப் பயத்தோடு காத்திருக்கும்
தங்கை,
பாரதி.