ஆயுத பூஜைக்குக் குளித்த கரண்ட் வண்டி

சங்கவி அப்பாவுக்கு,

நீங்க தூங்குறீக. எழுப்புனா பேச வேண்டி வரும், அதான் இந்தச் சீட்டு. அக்கா வீட்டுக் காதுகுத்துக்கு ஒத்தாசை செய்யக் கண்டனூருக்கு பஸ்ஸுல போறேன். சோறும் புளிக்குழம்பும் அடுப்பு மேல இருக்கு. அப்பளத்தை நீங்களே பொரிச்சுக்கங்க, கை தேஞ்சிராது.

இன்னைக்குப் பழைய இரும்புக் கடைக்காரர் வருவாரு. ஓடாம நின்னுபோன வண்டியைத் தூக்கிட்டுப் போகச் சொல்லி நேத்து கோவத்துல நான்தான் போன் போட்டேன். கரண்ட் வண்டியே இப்படித்தான்னு கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்த்தீகளே, ஆயுத பூஜைக்குக் குளிப்பாட்டுறேன்னு சார்ஜ் போடுற ஓட்டைக்குள்ள ஹோஸ் பைப்பை விட்டது கம்பெனிக்காரனா? ஈரம் காயுமுன்ன அது மேல சந்தனத்தை வேற அப்புனீக.

ஆனா யோசிச்சுப் பாத்தேன். பழைய பெட்ரோல் வண்டியில பின்னால உக்காந்து நான் என்ன சொன்னாலும், "சத்தத்துல காதுல விழல"ன்னு தப்பிச்சுருவீக. இந்த வண்டி சத்தமே போடாது. இதை வாங்குன பிறகுதான் நான் சொல்ற எல்லாத்துக்கும் பதில் சொல்றீக.

அதனால கடைக்காரர் வந்தா, ஓடாத மிக்ஸியை மட்டும் குடுத்து அனுப்புங்க. வண்டியை மெக்கானிக் முத்தரசு கடைக்குத் தள்ளிட்டுப் போங்க. ரிப்பேர் பாக்கட்டும்.

யோகலட்சுமி

வண்டிச் சாவி அரிசி டின்னுக்குள்ள இருக்கு. நீங்க எட்டிப் பாக்காத இடம்னு ஒளிச்சு வச்சேன்.

இதைச் சமாதானம்னு நெனச்சுக்கிறாதீக. நேத்து நான் பாதிதான் பேசியிருக்கேன். வண்டி சரியானதும் கண்டனூருக்குக் கூப்பிட வாங்க, மிச்சத்தை ரோட்டுல பேசிக்கலாம்.