ஏழாம் லைன்

எண்ணூர் முகத்துவாரம்
8.2.2025

ஜெரி அப்பாவுக்கு,

நலமா? என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள், அதனால் உங்கள் கம்பெனிப் படகில் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துவிடாதீர்கள். இது உங்கள் அப்பாவைப் பற்றியது.

கடல் தண்ணீர் ஏறி இறங்குவதில் கரண்ட் எடுத்து எங்கள் தீவுக்கு விளக்கு போட்டீர்கள். நல்ல காரியம். ஆனால் அஷ்டமி, நவமியில் தண்ணீருக்கு ஓட்டம் இருக்காது என்று வலை போடுகிற எவரும் சொல்வார்களே. பேட்டரி இறங்கிவிடுகிறது. மிச்ச கரண்ட் சீராக நிற்க உங்கள் மெஷின் ஒவ்வொரு லைனாக வெட்டுகிறது. முதலில் வெட்டுவது ஏழாம் லைன், நம் வீடு. மீன் வைக்கும் ஐஸ் அறைக்கு மட்டும் கரண்ட் நிற்பதே இல்லை.

நேற்று முன்தினம் மாமாவின் ஆக்ஸிஜன் மெஷின் இரண்டு மணி நேரம் நின்றது. உதடு நீலமாகி, "இன்னாம்மா, கடலு தூங்கினுகீதா?" என்று கேட்டார். முறத்தால் விசிறினேன், வேறென்ன செய்ய. நம் லைனைக் கடைசியாக வெட்டும்படி மாற்றுங்கள்.

தங்கபுஷ்பம்

மாதவரம்
13.2.2025

புஷ்பம்,

அப்பா உடம்பு எனக்கும் கவலைதான். அந்த வரிசையை நான்தான் போட்டேன். மாற்றுவது இரண்டு நிமிட வேலை.

நீயும் ஒன்று செய். விவாகரத்துப் பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒரு வருஷமாக இழுத்தடிக்கிறாய். மூன்று இடத்தில் கையெழுத்து. அது வந்த அன்றே லைனை மாற்றுகிறேன். அடுத்த அஷ்டமி இருபதாம் தேதி, நாளைக் கடத்தாதே. அப்பாவுக்கு என் அன்பைச் சொல்.

ஸ்டானிஸ்லாஸ்

எண்ணூர் முகத்துவாரம்
16.2.2025

ஜெரி அப்பாவுக்கு,

மூன்று இடத்திலும் போட்டுவிட்டேன். படகுக்காரர் திருமலையிடம் கொடுத்திருக்கிறேன். பெற்ற அப்பாவின் மூச்சை வைத்துப் பேரம் பேசுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஜெரியிடம் இன்னும் சொல்லவில்லை.

தங்கபுஷ்பம்

எண்ணூர் முகத்துவாரம்
23.2.2025

ஸ்டானிஸ்லாஸ்,

வாக்கைக் காப்பாற்றினீர்கள். இருபதாம் தேதி ஊரெல்லாம் கரண்ட் இல்லை, நம் வீட்டில் மட்டும் ஃபேன் சுற்றியது. "நம்ம வூட்டுக்கு மட்டும் எப்டிம்மா கீது?" என்று மாமா விடாமல் கேட்டார். மழுப்பினேன். நான் படகுத்துறைக்குக் குடிதண்ணீர் பிடிக்கப் போனபோது, அலமாரியில் இருந்த உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்திருக்கிறார்.

திரும்பி வந்து பார்த்தேன். கடிதம் மடியில் கிடந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஆக்ஸிஜன் மெஷினை அவரே அணைத்திருந்தார். உயிர் இல்லை.

மறுநாள் அடக்கம் செய்தோம். பெட்டியை மூடும் முன், மகன் வந்து முகம் பார்க்க வேண்டாமா என்று ஊரார் கேட்டார்கள். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

தங்கபுஷ்பம்