டெக்கில் ஓடிய உன் கச்சேரி

சேக்காடு, 1993

அன்பு மகனுக்கு,

அறிவொளி வகுப்பில் கற்று, என் கையால் எழுதும் முதல் கடிதம் இது.

பொங்கலுக்குத் தெருவே சேர்ந்து வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தோம். படம் முடிந்ததும் நீ விட்டுப்போன கேசட்டைப் போட்டேன். எண்பத்தாறில் டிவியில் வந்த ராக் விழா. நீண்ட முடியைச் சுழற்றிச் சுழற்றி நீ டிரம்ஸ் அடித்தாய்.

பக்கத்து வீட்டுப் புஷ்பா பதறிவிட்டாள். "இன்னா நைனா, புள்ளைக்கு ஆத்தா வந்துகீது, சும்மா பாத்துகினு கீறியே!" என்று டிவிக்கே விபூதி பூசினாள். எல்லாரும் கும்பிட்டார்கள். நானும்தான்.

அந்த முடியை வெட்டினால்தான் வீட்டுக்குள் விடுவேன் என்றேன். நீ அதன்பிறகு வரவே இல்லை.

வெட்டாமலே வா. திருவேற்காட்டு அம்மனுக்கு நேர்ந்துவிட்ட முடி என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா